பூஜை ரூமுக்கு ரெட்டைக் கதவு நானே மாட்டலாம்னு இருக்கேன், நடு கேப் எப்படி சரியா வரவைக்கிறது?

வெண்ணிலா_இல்லம்:
வணக்கம் எல்லாருக்கும். பூஜை ரூம்ல தேக்கு நிலை மட்டும் நிக்குது, இத்தனை நாளா ஸ்க்ரீன் தான் தொங்குச்சு. இப்ப மணி வச்ச ரெட்டைக் கதவு ரெடிமேடா வாங்கியாச்சு, ரெண்டும் தேக்கு, 32 மிமீ தடிமன், ஒவ்வொண்ணும் 457 மிமீ அகலம். நிலையோட காடிக்குள்ள (கதவு உக்கார்றதுக்கு நிலையில வெட்டின பள்ளம்) அளந்தா மேல 914, நடுவுல 911, கீழ 908 வருது. உயரம் 6 அடி 9 இன்ச், கீழ டைல்ஸ். ட்ரில், உளி, இழைப்புளி எல்லாம் கையில இருக்கு, ஒத்தக் கதவுக்கு கீல் மாத்தியிருக்கேன். ரெட்டைக் கதவுல எங்க ஆரம்பிக்கணும், நடுவுல எவ்வளவு விடணும், பித்தளைக் கீல் எத்தனை வேணும்?

உளிச்சத்தம்:
தம்பி முதல்ல ஒண்ணு, நடு ஓரத்துல இழைப்புளி இப்பவே வைக்காதீங்க. ஒத்தக் கதவுன்னா நிலையில இருக்கற கோணல் ஓரத்துல ஒளிஞ்சுக்கும், ரெட்டைக் கதவுல அது அத்தனையும் நட்ட நடுவுல, கண்ணுக்கு நேரா வந்து நிக்கும். அதனால கீல் பக்கத்தை முடிச்சு ரெண்டையும் தொங்கவிட்டு, கடைசியா தான் நடு ஓரம்.

கணக்கு பாருங்க, கீல் பக்கம் ஆளுக்கு 2 மிமீ, நடுவுல 3 மிமீ, மொத்தம் 7. அப்ப ரெண்டு கதவும் சேர்ந்து மேல 907, கீழ 901 தான் இருக்கணும், உங்ககிட்ட இருக்கறது 914. தூக்குகுண்டு போட்டு எந்தப் பக்க நிலைக்கால் சாயுதுன்னு பாருங்க, அந்தப் பக்கக் கதவோட கீல் ஓரத்தை மட்டும் நிலைக்கு ஏத்த மாதிரி சாய்வா இழைச்சுட்டா நடுக்கோடு தூக்கா, அதாவது நேர் செங்குத்தா வந்துரும், பார்க்கறவங்களுக்கு எதுவும் தெரியாது.

கதவுக்கு 3 கீல், 4 இன்ச். மேல் கீல் உச்சியில இருந்து 7 இன்ச், கீழ் கீல் அடியில இருந்து 9 இன்ச், நடுக் கீலை நடுவுல இருந்து கொஞ்சம் மேல தள்ளிப் போடலாம், பாரம் மேல் கீலைத் தான் இழுக்கும்.

சைட்_இன்ஜினியர்:
அண்ணா சொன்னதோட இதையும் பாருங்க சகோ. நிலையோட நாலு மூலையிலயும் ஆணி அடிச்சு குறுக்கா ரெண்டு நூல் இழுத்துக் கட்டுங்க. நடுவுல ரெண்டு நூலும் லேசா தொட்டுக்கிட்டா நிலை முறுக்கல்ல இல்ல. 2 மிமீ தள்ளி நின்னா ஒரு மூலை 4 மிமீ விலகியிருக்குன்னு அர்த்தம், அப்படி இருந்தா மூடினதும் ஒரு கதவு முன்னாடி ஒரு கதவு பின்னாடி நிக்கும், எவ்வளவு இழைச்சாலும் அது போகாது.

தேன்மொழி_சமையல்:
எங்க வீட்ல கார்பெண்டர் செஞ்சதை பக்கத்துலயே நின்னு பார்த்தேங்க. தேக்குல பித்தளை ஸ்க்ரூவை நேரா முறுக்கினா தலை உடைஞ்சு உள்ளயே மாட்டிக்கும். 8 நம்பர் ஸ்க்ரூன்னா 3 மிமீ பிட்ல ஓட்டை போட்டு, முதல்ல அதே சைஸ் இரும்பு ஸ்க்ரூவை சோப்பு தடவி ஏத்தி இறக்கிட்டு, அப்புறம் பித்தளையைப் போட்டார், கை வலிக்காம இறங்குச்சு. இன்னொண்ணு, கதவோட மேல் ஓரம் அடி ஓரம் ரெண்டுக்கும் வார்னிஷ் அடிங்க, அதை யாருமே செய்றதில்ல, ஐப்பசி மழை வந்தா ஈரம் அந்த வழியா தான் ஏறி மரம் ஊதும்.

வெண்ணிலா_இல்லம்:
ரொம்ப நன்றி. பார்த்துட்டேன், இடது கால் தூக்கா இருக்கு, வலது கால் கீழ 6 மிமீ உள்ள சாயுது. நூல் 2 மிமீ தள்ளி நிக்குது, வலது கீழ் மூலை தான் முன்னாடி வந்திருக்கு. இப்ப நிலையைப் பேர்க்கணுமா?

உளிச்சத்தம்:
நிலையைத் தொடவே வேணாம் தம்பி. வலது கதவுல கீழ் கீலை 2 மிமீ பின்னாடி தள்ளி, மேல் கீலை 2 மிமீ முன்னாடி வச்சுக் குடைஞ்சா கதவு நேராயிரும். காடியில முட்டினா அங்க மட்டும் லேசா செதுக்கிக்கோங்க. கீழ குறுகலா இருக்கறதால அந்தக் கதவு தானா திறந்துக்கப் பார்க்கும், அதுக்கு மேல மேக்னட் கேச்சர் போதும்.

கடைசியா நடு ஓரம். 32 மிமீ கதவு திரும்பும்போது அதோட ஒரு மூலை 1 மிமீக்குக் கொஞ்சம் மேல நீளும், அதனால காடியைப் பார்க்கற பக்கம் ஒண்ணரை மிமீ சாய்வா இழைச்சு விடுங்க, முன் பக்கம் 3 மிமீ கேப் அப்படியே இருக்கட்டும். முதல்ல மூடற கதவுக்கு மேலயும் கீழயும் டவர் போல்ட், அடுத்த கதவுல முன்னாடி பீடிங் (மெல்லிசான மரப்பட்டி) அடிச்சா அந்த கேப்பும் மறைஞ்சுரும். அடியில டைல்ஸ்ல இருந்து 6 மிமீ விடுங்க, வாசல்ல மிதியடி போடறதா இருந்தா அது எவ்வளவு தடிமன்னு சொல்லுங்க, பார்த்து கூட்டிக்கலாம்.