பேட்டர்ன் பட்டறைக்கு எந்த லிங்க் கொடுப்பது? ஆன்ஷேப் ஆட்கள் சொல்லுங்க

கணபதி_பம்ப்:
வணக்கமுங்க. கோவை கணபதியில் சின்ன பம்ப்செட் கம்பெனி, டிராயிங் வேலைக்கு நான் ஒருத்தன்தான். பேட்டர்ன் (வார்ப்புக்கான மர மாதிரி) ஆவாரம்பாளையத்தில், காஸ்டிங் (வார்ப்பு) அரசூர் பக்கம், மெஷினிங் குறிச்சி சிட்கோவில். இத்தனை நாள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் போச்சு.

போன மாசம் ஒரு இம்பெல்லரின் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) ஹப்பை, அதாவது தண்டு நுழையும் நடுப்பகுதியை, 38 மி.மீ.யிலிருந்து 42 ஆக்கினேன், கீவே (சாவி உட்காரும் பள்ளம்) பக்கம் சுவர் மெலிசாக இருந்ததால். புது பிடிஎஃப்பை குரூப்பில் போட்ட அரை மணியில் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போட்டார். அதற்கு வந்த வாழ்த்தில் என் டிராயிங் மேலே போயே போச்சு. 60 காஸ்டிங் பழைய அளவில் வந்து இறங்கியது. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

இப்போது ஆன்ஷேப்புக்கு (பிரவுசரிலேயே மாடலும் டிராயிங்கும் போடும் சாஃப்ட்வேர்) மாறுகிறோம். ஃபோல்டரை பேட்டர்ன், மெஷினிங் என்று பிரிப்பதா, பம்ப் மாடல் வாரியாகவா? வெளி ஆட்களுக்கு எந்த லிங்க்?

பெருந்துறை_வால்வு:
மாடல் வாரியாக வையுங்க. ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டால் ஒரே இம்பெல்லர் நாலு இடத்தில் நகலாகும், மறுபடி அதே கூத்துதான். மெஷின் செய்த மாடல், அதிலிருந்து டிரைவ்டு (ஒரு மாடலை இன்னொன்றோடு இணைத்து எடுக்கும் வசதி) மூலம் எடுத்த காஸ்டிங் மாடல், இரண்டும் ஒரே டாக்குமெண்டில் இருக்கட்டும். ஹப் மாறினால் காஸ்டிங்கும் தானாக மாறும்.

லிங்க் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முகவரி நடுவில் 'டபிள்யூ' என்று இருந்தால் அது ஒர்க்ஸ்பேஸ் (வேலை நடக்கும் இடம்), நீங்கள் கை வைக்க வைக்க அங்கே மாறிக்கொண்டே இருக்கும். 'வி' இருந்தால் வெர்ஷன் (அந்த நேரத்து நிலையைப் பூட்டி வைத்த பதிவு), அது மாறாது. வெர்ஷன் போட்டுவிட்டு அந்த லிங்க்கைக் கொடுங்க. உரிமை பார்க்க மட்டும். சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) ஆட்களுக்கு மட்டும் எக்ஸ்போர்ட் சேர்த்துக் கொடுக்கலாம்.

அப்புறம், இலவசக் கணக்கு வேண்டாமுங்க. அதில் போடும் டாக்குமெண்ட் ஊருக்கே தெரியும்.

மரப்பட்டறை_மகன்:
நான் பேட்டர்ன் பக்கத்து ஆள். எங்கய்யன் லிங்க்கைத் திறக்கவே மாட்டார். பிரிண்ட் எடுத்துப் பலகையில் ஒட்டுவார், அது கிழியும் வரைக்கும் அதுதான் டிராயிங். அதனால் வெர்ஷன் பெயர் டைட்டில் பிளாக்கில் (டிராயிங் மூலையில் விவரம் எழுதும் கட்டம்) பெரிசாக இருக்கட்டும். பேட்டர்னிலேயே ஏ, பி என்று புடைப்பெழுத்து வைக்கச் சொல்லுங்க, காஸ்டிங்கைத் திருப்பினாலே தெரிந்துவிடும். புது பிரிண்ட் கொடுக்கும்போது பழையதைக் கையோடு வாங்கிட்டு வாங்க.

கணபதி_பம்ப்:
நன்றிங்க அண்ணா, இரண்டு பேருக்கும். சனிக்கிழமை நேரில் போனேன். பலகையில் மூன்று பிரிண்ட், ஒன்றின் மேல் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே டீக் கறையோடு இருந்தது 38. மூன்றையும் உரித்து எடுத்து வந்துவிட்டேன். 'பி' எழுத்து வைக்கத் தனிக் கூலி கேட்கிறார், சரி என்று சொல்லிவிட்டேன்.