ஹைபரியை விட்டது சரியா, தப்பா?

மேற்கு ஸ்டாண்ட்:
"ஆர்சனல் ஹைபரியை விட்டுப் போனது வெறும் வீடு மாறின கதை, இதற்குப் போய் ஏன் இத்தனை ஒப்பாரி" என்று போன வாரம் கணக்குப்பிள்ளை எழுதிவிட்டுப் போனார். அன்றைக்கே பதில் எழுதக் கை துறுதுறுத்தது. லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனலின் சொந்த மைதானமாக 1913-லிருந்து 2006 வரை, 93 வருஷம் இருந்த இடம் அது. ஹெர்பர்ட் சாப்மன் மேனேஜராக இருந்தபோது, 1932-ல், ஆர்ட் டெகோ என்ற அந்தக் கால அலங்காரக் கட்டடப் பாணியில் மேற்கு ஸ்டாண்ட், அதாவது மேற்குப் பக்கப் பார்வையாளர் மாடம், எழும்பியது. பக்கத்திலிருந்த கில்லெஸ்பி ரோடு ரயில் நிலையத்துக்கு அதே வருஷம் 'ஆர்சனல்' என்று பெயரையே மாற்ற வைத்த மனுஷர் அவர். 1936-ல் கிழக்கு ஸ்டாண்ட், அதன் வாசலில் 'மார்பிள் ஹால்ஸ்' என்று பேர்பெற்ற மண்டபம். 1935-ல் சண்டர்லேண்டுக்கு எதிராக ஆடியபோது உள்ளே 73,295 பேர். இதையெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றிவிட்டு வீடு மாறினோம் என்றால் எப்படி?

கணக்குப்பிள்ளை:
சரி, அந்த 73,295-ஐ நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். அது நின்றுகொண்டு பார்த்த கூட்டம். 1989-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரசிகர்கள் நசுங்கிச் செத்த நெரிசலுக்கு அப்புறம் அரசு விசாரணையின் டெய்லர் அறிக்கை வந்தது, பெரிய கிளப்புகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை கட்டாயமானது. கடைசியில் ஹைபரியில் மிஞ்சியது 38,419 இருக்கை. பெரிதாக்கலாமே என்பீர்கள். எங்கே? சுற்றிலும் வீடுகள், அதுவும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு. உங்களுக்குப் பிடித்த அந்தக் கிழக்கு ஸ்டாண்டையே 1997-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், அப்புறம் அதை நினைத்தபடி இடித்துக் கட்ட முடியுமா? அதன் அழகே அதற்கு வினையாகிப் போனது.

இன்னொன்று, இந்தப் 'புண்ணிய பூமி' பேச்சு. ஆர்சனலே அந்த இடத்துக்கு வந்தேறிதான். 1886-ல் தேம்ஸுக்குத் தெற்கே வூலிச்சில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப் அது. அதை அடுத்த பிளம்ஸ்டெட்டில் இருந்த பழைய மைதானத்தில் கூட்டமும் இல்லை, காசும் இல்லை என்று கிளப் தலைவர் ஹென்றி நோரிஸ்தான் 1913-ல் ஆற்றைத் தாண்டி வடக்கே கொண்டுவந்தார். இறையியல் கல்லூரி ஒன்றின் நிலம், 20,000 பவுண்டுக்கு 21 வருஷக் குத்தகை, புனித வெள்ளியன்றும் கிறிஸ்துமஸன்றும் ஆட்டம் கூடாது என்று நிபந்தனை. பக்கத்துக் கிளப்புகளான டாட்டன்ஹாம் எதிர்த்தது, கிளாப்டன் ஓரியன்ட் எதிர்த்தது, அக்கம்பக்கத்து ஜனங்களும் எதிர்த்தார்கள். பிளம்ஸ்டெட்டில் விட்டுவிட்டு வந்த ரசிகனுக்காக யார் ஒப்பாரி வைத்தது?

வடக்குக் கரை:
நீங்கள் இருவரும் 2006-ஐ வைத்துச் சண்டை போடுகிறீர்கள். என்னைக் கேட்டால் ஹைபரி போனது 1992 மே 2-ம் தேதி. அன்றைக்குச் சவுத்தாம்ப்டனை 5-1 என்று அடித்தார்கள், இயன் ரைட் மூன்று கோல், அதோடு வடக்குப் பக்கத்து நார்த் பேங்கில் ரசிகர்கள் நின்று பார்க்கும் படிக்கட்டுக்கு மூடுவிழா. அடுத்த சீசன் தொடங்கும்போது அங்கே ஆளே இல்லை. கட்டுமானத்தை மறைக்க ஒரு பிரம்மாண்டமான ஓவியத் திரை, அதில் ரசிகர் கூட்டத்தை வரைந்து வைத்திருந்தார்கள். முதலில் வரைந்ததில் கறுப்பின முகம் ஒன்றுகூட இல்லை என்று விமர்சனம் வந்து, அப்புறம் திருத்தினார்கள். கறுப்பின வீரர் இயன் ரைட் ஆடும் கிளப்பில்! அந்தத் திரைக்கு முன்னால் நடந்த முதல் லீக் ஆட்டத்தில் நார்விச்சிடம் 4-2 என்று தோற்றது வேறு கதை. உண்மையான கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு வரைந்த கூட்டத்தை வைத்தார்களே, எனக்கு அந்த இடத்தோடு மைதானம் முடிந்துவிட்டது. 2006-ல் இடம் மாறியது அட்ரஸ் மட்டும்தான்.

மேற்கு ஸ்டாண்ட்:
வடக்குக் கரை, அது கொஞ்சம் ஓவர். 2003-04-ல் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கிய அணி இருக்கைக்கால ஹைபரியில்தான் ஆடியது. 2006 மே 7, விகனோடு கடைசி ஆட்டம், 4-2, நட்சத்திர ஆட்டக்காரர் தியரி ஆன்ரி மூன்று கோல் போட்டுவிட்டுக் குனிந்து புல்லை முத்தமிட்டாரே, அவரிடம் போய் இது 1992-லேயே முடிந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளைக்கு: எமிரேட்ஸ் என்ற புது மைதானத்துக்கு 39 கோடி பவுண்டு. அந்தக் கடன் சுமையோடு ஓடிய வருஷங்களில் ஆன்ரி, ஃபேப்ரிகாஸ், வான் பெர்சி என்று ஒவ்வொருவராகப் போனார்கள். 2005 எஃப்.ஏ. கோப்பைக்கு அப்புறம் அடுத்த கோப்பைக்கு 2014 வரை காத்திருந்தோம். கூட்டம் வந்தால் போதும் என்கிறீர்களே, 1998-லும் 1999-லும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களை லண்டனின் பெரிய மைதானமான வெம்பிளியில் வைத்துப் பார்த்தார்களே, என்ன ஆனது? ஆறு ஆட்டத்தில் இரண்டே வெற்றி, இரண்டு வருஷமும் முதல் சுற்றோடு வெளியே.

கணக்குப்பிள்ளை:
அந்த வெம்பிளியில் பிரான்சின் லான்ஸ் அணியோடு ஆடிய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 73,707 பேர். தோற்றார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹைபரியின் இருக்கைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டம் டிக்கெட் வாங்கத் தயாராக இருந்தது என்று கிளப்புக்குத் தெரிந்தது அங்கேதானே? அதே மேட்சை நீங்கள் தோல்விக்குச் சாட்சி என்கிறீர்கள், நான் தேவைக்குச் சாட்சி என்கிறேன். ஆட்டக்காரர்கள் போனதற்குக் கடன் ஒரு காரணம், மறுக்கவில்லை. அதே சமயம் எண்ணெய்ப் பணக்கார முதலாளிகள் மற்ற கிளப்புகளை வாங்கி லீக்குக்குள் வந்த காலம் அது, 38 ஆயிரம் இருக்கையோடு நின்றிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

ஓரத்து வீரன்:
நடுவில் ஒரு கேள்வி, தப்பாக நினைக்காதீர்கள். ஹைபரியை மொத்தமாக இடித்துவிட்டார்களா? இணையத்தில் படம் பார்த்தால் ஸ்டாண்ட் நிற்பது போலத் தெரிகிறதே.

வடக்குக் கரை:
கிழக்கு, மேற்கு ஸ்டாண்டுகளின் வெளிமுகம் அப்படியே நிற்கிறது, உள்ளே வீடுகள். வடக்கும் தெற்கும் இடித்துக் கட்டியவை. புல்தரை இருந்த இடம் குடியிருப்பவர்களின் தோட்டம். புது மைதானம் அங்கிருந்து அரை கிலோமீட்டர்தான், முன்பு குப்பை கையாளும் இடமாக இருந்த ஆஷ்பர்ட்டன் குரோவ். நார்த் பேங்க் கட்டும்போது ஒரு வண்டிக்குதிரை குழியில் விழுந்து அங்கேயே புதைக்கப்பட்டது என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடித்த கதை.

கணக்குப்பிள்ளை:
வெஸ்ட் ஹாம் கிளப்பின் பழைய மைதானமான அப்டன் பார்க்கை 2016-க்கு அப்புறம் தரைமட்டமாக்கினார்கள். அதோடு ஒப்பிட்டால் ஹைபரிக்குக் கிடைத்தது மரியாதையான முடிவு.

மேற்கு ஸ்டாண்ட்:
எவர்ட்டனோடும் ஒப்பிடுங்களேன். 2025-ல் அவர்களும்தான் புது மைதானத்துக்குப் போனார்கள், ஆனால் பழைய மைதானமான குடிசன் பார்க்கைப் பெண்கள் அணிக்குக் கொடுத்தார்கள். புல்லில் இன்னும் பந்து உருள்கிறது.

கணக்குப்பிள்ளை:
நல்ல யோசனைதான். ஆனால் ஹைபரியில் வீடு கட்டி விற்பதும் ஆர்சனலின் பணத் திட்டத்தில் ஒரு பகுதி. அந்த நிலத்தைப் புல்லாகவே வைத்திருந்தால் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? பதில் சொல்லுங்கள், நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மேற்கு ஸ்டாண்ட்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று. ஹைபரியின் தெற்குப் பக்கத்துக்கே 'கிளாக் எண்ட்' என்று பெயர் வாங்கிக் கொடுத்த அந்தப் பழைய கடிகாரத்தைப் புது மைதானத்துக்குக் கொண்டுபோனார்களே, அதை மாட்டியது வெளிச்சுவரில். உள்ளே ஓடுவது 2010-ல் வைத்த நகல். இதற்கும் பணத் திட்டம்தான் காரணமா?