வெள்ளத்தில் போன பிறப்புச் சான்றிதழ்: நகல் எந்த ஆபீஸில் கேட்பது? (கடலூர்)

தென்பெண்ணைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் ஆற்றோரக் கிராமம் எங்களுடையது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னாடியே சாத்தனூர் அணைத் தண்ணி வந்தப்ப வீட்டுக்குள் இடுப்பளவு ஏறிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியைத் தூக்க நேரமில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டெல்லாம் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துக் காப்பாற்றிவிட்டோம். பிறப்புச் சான்றிதழ் மட்டும் பேனா மையில் எழுதியது, முழுக்கக் கரைந்து நீலக் கறையாகிவிட்டது. மடிப்பிலேயே பிய்ந்தும் போச்சு. மேல் மூலையில் ஏதோ ஒரு நம்பரின் கடைசி மட்டும் தெரிகிறது: /97. நான் பிறந்தது 27.12.1996. அதனால் அது வேறு எதற்கோ போட்ட நம்பர் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரர் பிரான்ஸில் வேலை செய்கிறார். என்னைக் கூப்பிட்டுக்கொள்ளப் பேப்பர் போடுகிறார். அப்பா, அம்மா பேர் போட்ட பிறப்புச் சான்றிதழ் கண்டிப்பாக வேண்டும் என்கிறார்கள்.

எங்கள் பக்கத்து அலுவலகங்கள் இரண்டில் கேட்டேன். ரெண்டு இடத்திலும் "உங்க பேர்ல எதுவும் இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு புரோக்கர், "வீட்டுல பிறந்ததா எழுதி, ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) ஆர்டர் வாங்கிப் புதுசாவே பதிஞ்சிடலாம், பதினஞ்சாயிரம் ஆகும்" என்கிறார். அம்மாவுக்குப் பிரசவம் ஆனது புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில். என்ன செய்வது என்று தெரியாமல் ராத்திரி தூக்கமே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்டலம்:
ஆன்லைனிலேயே எடுக்கலாமே சகோதரி. தமிழக அரசின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளத்தில் (சி.ஆர்.எஸ்.) பிறந்த தேதி கொடுத்தால் க்யூஆர் கோடோடு பி.டி.எஃப். வந்துவிடும். என் பொண்ணுக்கு அப்படித்தான் எடுத்தேன், அஞ்சு நிமிஷ வேலை.

பழைய பதிவேடு:
தம்பி, உங்கள் பொண்ணு 2018-க்குப் பிறகு பிறந்தவளாக இருக்கும். அந்தத் தளத்தில் 2018 ஜனவரியிலிருந்துதான் பதிவுகள் இருக்கின்றன. 1996 பிறப்பை அதில் தேடினால் கிடைக்காது. இந்த அம்மாவுக்குக் கிடைக்காததற்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. அது தமிழ்நாட்டுப் பதிவே இல்லை.

அம்மா, நான் 30 வருடத்துக்கு மேல் நகராட்சி சுகாதாரப் பிரிவில் பிறப்பு இறப்புப் பதிவேட்டோடேயே இருந்தவன். உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. ஜிப்மரில் பிறந்தேன் என்கிறீர்களே, அங்கேயே முடிந்தது விஷயம். பிறப்பு எங்கே நடந்ததோ அந்த எல்லைக்கு உட்பட்ட பதிவாளர்தான் பதிய வேண்டும். பெற்றோர் எந்த ஊர், ரேஷன் கார்டு எந்த ஊர், நீங்கள் படித்தது எங்கே என்பதற்கெல்லாம் இதில் வேலையில்லை. 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் உழவர்கரை நகராட்சி எல்லை. உங்கள் பதிவு அங்கேதான் இருக்கும். கடலூரில் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினாலும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், அவர்கள் சொன்னது உண்மையும்கூட.

இனி அந்த /97. அதைக் கிழித்துப் போட்டுவிடவில்லையே? பத்திரமாக வையுங்கள். பதிவேடு ஒவ்வொரு காலண்டர் வருடத்துக்கும் புதிதாகத் தொடங்கும், எண்ணும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். எந்தத் தேதியில் பதிந்தார்களோ அந்த வருடத்துப் புத்தகத்தில்தான் ஏறும். பிறப்பைத் தெரிவிக்கச் சில நாள் அவகாசம் உண்டு. டிசம்பர் 27-ல் பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையிலிருந்து படிவம் போய், பதிவாளர் எழுதும்போது ஜனவரி பிறந்திருக்கும். ஆக, /97 என்பது உங்கள் பதிவு எண்ணின் வால். 1996 புத்தகத்தில் தேடச் சொன்னீர்கள் என்றால் சரியான அலுவலகத்திலும் கிடைக்காது. டிசம்பர் கடைசியில் பிறந்தவர்கள் எத்தனையோ பேர் இப்படி வெறுங்கையோடு திரும்பிப் போனதை நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மனுவில் இரண்டு வருடத்தையும் எழுதுங்கள். தேடல் கட்டணம் வருடக் கணக்கில் கூடும், ஆனால் அது சின்னத் தொகைதான்.

புரோக்கர் சொன்ன வழியில் தயவுசெய்து போகாதீர்கள். இது மிரட்டலுக்காகச் சொல்வதல்ல. ஒரு வருடம் தாண்டியும் பதியாத பிறப்புக்குத்தான் அந்த ஆர்.டி.ஓ. உத்தரவு. ஏற்கெனவே ஒரு இடத்தில் பதிந்த பிறப்பை, நடக்காத இடத்தில் நடந்ததாக எழுதி மறுபடி பதிந்தால் அது பொய்த் தகவல். சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அதற்குத் தண்டனை இருக்கிறது. நாளைக்கு விசா ஆபீஸில் ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த இடம் என்று நின்றால், அதற்கு யார் பதில் சொல்வார்?

பாகூர் ஏரிக்கரை:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்ம பக்கத்தில் எல்லை ரொம்பக் குழப்பம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால், டிக்கெட்டுக்குச் சில்லறை வாங்கி முடிப்பதற்குள் மாநிலம் மாறிவிடும். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோயில் புதுச்சேரி. நடுவில் வேலி கிடையாது, வயல்தான். ரெட்டிச்சாவடி வீட்டுப் பெண் கிருமாம்பாக்கத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றால் பதிவு பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் (நகராட்சி இல்லாத பகுதிகளுக்கான உள்ளாட்சி). அதே பெண் கடலூர் மஞ்சக்குப்பத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பதிவு கடலூரில். புதுச்சேரி பக்கத்தில் இரண்டு நகராட்சி: புதுச்சேரி, உழவர்கரை. பாக்கி எல்லாம் அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்துகள். ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பஸ் ஏறுங்கள்.

தென்பெண்ணைக்கரை:
ஐயா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். மூன்று மாதமாக அலைந்தேன், ஒருத்தர்கூட எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை. புரோக்கரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உழவர்கரைக்குப் போகும்போது என்னென்ன எடுத்துப் போகணும்?

பழைய பதிவேடு:
ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் (பிறந்த தேதிக்கு), அப்பா அம்மாவின் அடையாள அட்டை, அந்தக் கரைந்த சான்றிதழ். அதைத் தட்டையான கண்ணாடி உறையில் வைத்து எடுத்துப் போங்கள். பிரசவமான டிஸ்சார்ஜ் சீட்டு அம்மாவிடம் இருந்தால் ரொம்ப நல்லது, மருத்துவமனை எண் அதில் இருக்கும்.

மனுவில் நாலு விஷயம் தெளிவாக இருக்கட்டும்: பிறந்த தேதி, பிறந்த இடம், அப்பா பேர், அம்மா பேர். பேர்களை இன்றைய ஆதாரில் இருக்கிறபடி மட்டும் எழுதாதீர்கள். 1996-ல் பிரசவ வார்டில் அம்மா என்ன பேர் சொல்லிச் சேர்ந்தார்களோ அதுவும் வேண்டும். வீட்டில் கூப்பிடும் பேர், தாத்தா பேரின் முதலெழுத்து எல்லாம் உள்ளே புகுந்திருக்கும். அம்மாவையே கேளுங்கள்.

தேடிப் பார்த்து நிஜமாகவே இல்லை என்றால், வெறும் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். "பதிவு இல்லை" என்று சான்று எழுதித் தர அதற்கென்றே படிவம் 10 இருக்கிறது. அது கையில் இருந்தால்தான் அடுத்த படி.

கம்மியம்பேட்டை:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்க அப்பா 1958-ல் பண்ருட்டி பக்கம் கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவர். அவருக்கு எங்கே கேட்பது?

பழைய பதிவேடு:
கிராமத்துப் பழைய பதிவேடுகள் தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். வீட்டுப் பத்திரம் பதிகிற அதே அலுவலகம்தான். அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் வருகிறதோ அங்கே மனு போடுங்கள். பதிவுத்துறையின் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். 1958 என்றால் 1899-ஆம் வருடத்து மதராஸ் சட்டப்படி கிராம அதிகாரி கைப்பட எழுதியது. பெரும்பாலும் குழந்தை பேர் இருக்காது, "ஆண்" என்று மட்டும் இருக்கும். அப்பா பேரையும் தேதியையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிக் குறைத்து எழுதிய காலம் அது. அதனால் பள்ளித் தேதியை மட்டும் நம்பாமல் முன்னும் பின்னும் ஒரு வருடம் தேடச் சொல்லுங்கள்.

புதுப்பாளையம்:
ஐயா, என் பையனுக்கு 4 வயசு. கடலூரில்தான் பிறந்தான். சான்றிதழில் பேர் கட்டம் காலியாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பேரோடு கொண்டுவா என்கிறார்கள்.

பழைய பதிவேடு:
கவலையே வேண்டாம் மா. பதிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமே இல்லாமல் பேர் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு 15 வருடம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பதிந்த அலுவலகத்திலேயே அப்பா, அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு விஷயம்: இனிஷியல், எழுத்து எல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு போங்கள். ஏற்றிய பேரை மாற்றுவது சுலபமில்லை.

திருப்பாதிரிப்புலியூர்:
இந்தச் சகோதரிக்குப் பாஸ்போர்ட் ஆதாரை வைத்தே எடுத்துவிடலாமே, எதற்கு இவ்வளவு அலைச்சல்?

பாகூர் ஏரிக்கரை:
பாஸ்போர்ட்டுக்கு என்றால் இவங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை என்பது சரி. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே என்ற கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சான்று, பான் கார்டு மாதிரி வேறு ஆவணங்களும் செல்லும். இவங்களுக்குத் தேவை வெளிநாட்டு அரசுக்கு. அங்கே பெற்றோர் பேரோடு பிறப்புப் பதிவைத்தான் கேட்பார்கள். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்துத் தாத்தா பாட்டிகளின் பதிவுகள் பிரெஞ்சிலேயே இருக்கின்றன, எத்தா சிவில் என்பார்கள். 1954-ல் இந்தியாவோடு சேர்ந்து 70 வருடத்துக்கு மேல் ஆகியும், குடியுரிமை பேப்பருக்காக அதைத் தேடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிரான்ஸ்காரர்களுக்கு அந்த ஒரு தாள் அவ்வளவு முக்கியம்.

தென்பெண்ணைக்கரை:
ஐயா, கிடைத்துவிட்டது!

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மனுவில் 1996, 1997 என்று இரண்டையும் எழுதினேன். அங்கிருந்த அக்கா அந்தக் கறைபிடித்த தாளைச் சன்னலோர வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். /97-க்கு முன்னால் ஒரு 4 இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். எங்களுக்கு இத்தனை நாள் அது கறையாகத்தான் தெரிந்தது. பெரிய காலிகோ பைண்டிங் புத்தகம், ஓரமெல்லாம் பழுத்திருந்தது. ஜனவரிப் பக்கங்களில் விரலை வைத்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நிறுத்திவிட்டு, "அம்மா பேர் சொல்லுங்க" என்றார். அம்மா பேர் சொல்ல, அப்படியே புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்த வரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஒரு சின்னச் சிக்கல். அம்மா பேர் பதிவேட்டில் "தனலெட்சுமி" என்று இருக்கிறது. ஆதாரிலும் என் பாஸ்போர்ட்டிலும் "தனலட்சுமி". இதைத் திருத்தணுமா? திருத்தினால் பழைய எழுத்தை அடித்துவிடுவார்களா?

பழைய பதிவேடு:
ரொம்ப சந்தோஷம் அம்மா.

அடிக்க மாட்டார்கள், அடிக்கவும் கூடாது. 15-ஆம் பிரிவுப்படி மூலப் பதிவைத் தொடாமல், பக்கத்து ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதிப் பதிவாளர் தேதியோடு கையெழுத்துப் போடுவார். இது பிழைத் திருத்தம்தான், ஆளே மாறுவது இல்லை. அம்மாவின் ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை நகல்களோடு ஒரு மனு கொடுங்கள். வெளிநாட்டுக்குக் கொடுக்கும் பேப்பர் என்பதால் திருத்திக்கொள்வதே நல்லது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அந்த ஒரு எழுத்து வேறு மாதிரி வந்து நின்றால், அப்போது அங்கிருந்து இங்கே ஓடி வர முடியாது. திருத்தம் ஏறிய பிறகு புதுசாக இரண்டு, மூன்று நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்போஸ்டில் (நம் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அத்தாட்சி) போட வேண்டும் அல்லவா? சான்றிதழ் புதுச்சேரியில் கொடுத்தது என்பதால் முதலில் புதுச்சேரி அரசின் அத்தாட்சி, அதன் பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். சென்னைத் தலைமைச் செயலகத்தில் போய் நிற்காதீர்கள். இன்னொன்று, எந்த நகலுக்கும் லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். வெள்ளத்தில் போன பயத்தில் போடத் தோன்றும். லேமினேட் செய்த தாளில் முத்திரை வைக்க முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியைப் பரண் மேல் வையுங்கள்.

தென்பெண்ணைக்கரை:
பரணில் ஏற்றியாச்சு ஐயா. திருத்த மனு வருகிற திங்கட்கிழமை கொடுக்கிறோம். ஓரக்குறிப்பு ஏறியதும் இங்கே வந்து எழுதுகிறேன்.