பெண் கூலிக்குப் போனதால்தான் பிள்ளைகள் குறைந்தார்களா? லங்காஷயர் தறி ஊர்களை வைத்து ஒரு சண்டை

தறிக்காரன்:
1911 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கக் கல்யாணமான பெண்களைப் பற்றிக் கூடுதலாகக் கேட்டார்கள்: மணமாகி எத்தனை வருஷம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, இறந்தது எத்தனை. தொழில்வாரியாகப் பிரித்தால் சுரங்கக்காரர் வீட்டில் பிள்ளைகள் அதிகம், பஞ்சாலைக்காரர் வீட்டில் குறைவு. வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில், பர்ன்லி, பிளாக்பர்ன், பிரெஸ்டன் ஊர்களில் நெசவுக்காரிகள் பலர் தாலி ஏறிய பிறகும் தறியை விடவில்லை. ஆண் நெய்தாலும் பெண் நெய்தாலும் ஒரே துணிக்கு ஒரே கூலி. பிள்ளை பெற்றால் அந்தக் கூலி போச்சு. 1891 சட்டப்படி பிரசவமாகி நாலு வாரம் ஆலையில் வேலை தரக்கூடாது, அந்த நாலு வாரத்துக்குப் பணமும் இல்லை. இதைவிட என்ன காரணம் வேண்டும்?

எதிர்வாதி:
காலக்கணக்கு உதைக்குதே சார். பெண்கள் 1840களிலேயே விசைத்தறியில் நின்றாங்க. பிறப்பு குறைய ஆரம்பித்தது 1870களுக்கு அப்புறம். முப்பது வருஷம் உங்க காரணம் தூங்கிட்டு இருந்ததா? அதே 1911 கணக்கில் டாக்டர், வக்கீல் வீடுகளிலும் பிள்ளைகள் குறைவு. அந்த அம்மாக்கள் எந்தத் தறியில் நின்றாங்க? 1880ல் பள்ளிக்கூடம் கட்டாயமாச்சு, பிள்ளை வருமானம் போய்ச் செலவு வந்தது. அதுதான் விஷயம்.

தறிக்காரன்:
பள்ளிக்கூட வாதம் லங்காஷயரில் எடுபடாது. அங்கேதான் பிள்ளைகள் பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி என்று சம்பாதித்தார்கள். அதை ஒழித்தது 1918 சட்டம். பிள்ளைக் கூலி நீடித்த ஊரிலேயே குடும்பம் சிறுத்திருக்கிறது என்றால்?

திலகா:
இரண்டு பேரும் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான ராண்டா பள்ளத்தாக்குப் பெண்ணை வேலையில்லாதவள் ஆக்கிட்டீங்க. 1842லேயே பெண்களைச் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்று தடுத்தாச்சு, பக்கத்தில் ஆலையும் இல்லை. ஆனால் புருஷன் ஒரு ஷிப்ட், மகன் ஒரு ஷிப்ட். சுரங்கத்தில் குளியலறை கிடையாது; ஒவ்வொருத்தர் கரியோடு வரும்போதும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, தொட்டியை நிரப்பி, முதுகு தேய்த்து, துணி துவைக்கணும். மேலே வாடகைக்கு ஆள் வைத்தால் அவனுக்கும் சமையல். கணக்கெடுப்புத் தாளில் அவள் தொழில் கட்டம் காலி! உழைப்பு பிள்ளையைக் குறைக்கும் என்றால் அங்கேதான் முதலில் குறைந்திருக்கணும். அவள் கையில் காசு வரலை, அதுதான் வித்தியாசம்.

எதிர்வாதி:
காசு வந்தால் மட்டும்? அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆண் மனசு வைத்தால்தான் கருவைத் தடுக்க முடியும்.

திலகா:
அதனால்தான் காசு முக்கியம்ங்க. அவள் வாரக்கூலி நின்றால் வாடகை இடிக்கும் வீட்டில் அவனும் கணக்குப் பார்ப்பான். 1877ல் கருத்தடை பற்றிய புத்தகம் வெளியிட்டதற்காக பிராட்லா, அன்னி பெசன்ட் மேல் நடந்த வழக்கு பேப்பரெல்லாம் வந்தபின் விஷயமும் ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க கேட்ட முப்பது வருஷத் தூக்கத்துக்குப் பாதி பதில் அங்கே இருக்கு.

எதிர்வாதி:
மீதிப் பாதி? பிள்ளை இல்லாதவளும் ஒன்றோடு நின்றவளும்தான் ஆலைக்குப் போக முடிந்தது என்றால், காரணமும் விளைவும் இடம் மாறிடுமே.

தறிக்காரன்:
பாட்டியிடமும் பக்கத்து வீட்டிலும் கைக்குழந்தையைக் காசு கொடுத்து விட்டுவிட்டுப் போனவர்களை என்ன செய்வீர்கள்?