மோசடி கேஸ் ட்ரயல் பாதில இருக்கு, ஏ1 (முதல் குற்றம்சாட்டப்பட்டவர்) மூணாவது தடவையா பெயில் கேக்குறாரு. குடுத்துடுவாங்களா?

டெபாசிட்காரன்:
எங்க வீட்ல மூணு பேர் ஒரு நிதி நிறுவனத்துல பணம் போட்டு ஏமாந்தோம், பேர் வேணாம். சார்ஜ்ஷீட் போட்டு சார்ஜ் ஃப்ரேம் பண்ணி இப்போ சாட்சி விசாரணை ஓடிட்டு இருக்கு. ஏ1ஆன டைரக்டர் உள்ளதான் இருக்காரு, ரெண்டு தடவை பெயில் மனு டிஸ்மிஸ் ஆச்சு, இப்போ மறுபடியும் போட்டிருக்காராம். அப்பா ராத்திரி தூங்கறதே இல்ல, "வெளிய வந்தா எல்லாத்தையும் வித்துட்டு ஓடிருவான்"னு ஒரே புலம்பல். எத்தனை தடவை வேணா கேக்கலாமா? நாங்க போய் எதிர்ப்பு சொல்ல முடியுமா இல்ல பிபி (அரசு வக்கீல்) பாத்துக்குவாருன்னு சும்மா இருக்கணுமா? எங்க பணத்தை கட்டினாத்தான் பெயில்னு கண்டிஷன் போடச் சொல்லுங்கன்னு மாமா வேற சொல்றாரு.

கோர்ட்_வராண்டா:
கிரிமினல் சைடு ப்ராக்டீஸ் பண்றேன், தெரிஞ்சதை சொல்றேன். இத்தனை தடவைதான்னு கணக்கு எதுவும் கிடையாது. ஆனா போன மனுவை டிஸ்மிஸ் பண்ணப்போ இருந்த நிலைமையே இப்பவும்னா ஜட்ஜ் தூக்கிப் போட்டுடுவாரு, புதுசா என்ன மாறுச்சுன்னு காட்டணும். முக்கியமான சாட்சிங்க சொல்லி முடிச்சிட்டாங்க, கூட இருந்த ஏ2க்கு பெயில் கிடைச்சிருச்சு, வாய்தா மேல வாய்தா போயி ட்ரயல் நகரவே இல்ல, இந்த மாதிரி.

மோசடி கேஸ்ல ஒரு விசேஷம் இருக்கு. ஆதாரம் பூரா பேப்பர், அது ஏற்கனவே போலீஸ் கையில. அப்புறம் அந்த ஆள் எதை கலைக்கப் போறான்னு டிஃபென்ஸ் கேப்பாங்க. 2011ல 2ஜி ஸ்பெக்ட்ரம் கேஸ்ல உள்ள இருந்த கம்பெனி டைரக்டர் சஞ்சய் சந்திரா பெயில் மனுல சுப்ரீம் கோர்ட் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுச்சு, தண்டனை குடுக்கறதுக்கு முன்னாடியே தண்டனையா ஜெயில்ல வைக்க முடியாதுன்னு. (அந்த கேஸ்ல 2017 டிசம்பர்ல ஸ்பெஷல் கோர்ட் எல்லாரையும் விடுதலை பண்ணிருச்சு, அதையும் மனசுல வச்சுக்கணும்.) ஆனா 2013ல ஜெகன்மோகன் ரெட்டி பெயில் மனுல அதே சுப்ரீம் கோர்ட், பொருளாதாரக் குற்றம் தனி ரகம், அதை வேற மாதிரிதான் பாக்கணும்னு சொல்லுச்சு. ரெண்டு தரப்பும் ஆளுக்கொரு ஜட்ஜ்மென்ட்டை எடுத்துட்டு வந்து நிப்பாங்க, நான் ரெண்டு பக்கமும் நின்னிருக்கேன்.

அப்புறம் நாள் கணக்கு. பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 479வது பிரிவு படி அதிகபட்ச தண்டனைல பாதி காலம் விசாரணைக் கைதியாவே கழிச்சிட்டா பெயிலுக்கு தகுதி, முதல் தடவை குற்றவாளின்னா மூணுல ஒரு பங்கு போதும். ஆனா ஆயுள் தண்டனை குடுக்கற செக்‌ஷன் இருந்தா இது பொருந்தாது, ஒருத்தர் மேல நிறைய கேஸ் நிலுவைல இருந்தாலும் வராது. நிதி நிறுவன கேஸ்ல பெரும்பாலும் இங்கதான் மாட்டிக்குவாங்க. கேஸ் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல நடந்தா இன்னொண்ணு இருக்கு, சாட்சியத்துக்கு குறிச்ச முதல் தேதில இருந்து 60 நாள்ல ட்ரயல் முடியலைன்னா, அந்த நாள் பூரா உள்ளயே இருந்தவருக்கு பெயில் குடுக்கணும், மறுத்தா மாஜிஸ்ட்ரேட் காரணம் எழுதணும்.

சும்மா_ஒரு_ஆள்:
இதெல்லாம் சட்டம் சார், நடைமுறைல பெரிய ஆளுன்னா வெளிய, சின்ன ஆளுன்னா உள்ள. செந்தில் பாலாஜி வெளிய வந்து மூணு நாள்ல மினிஸ்டர் ஆகலையா?

கோர்ட்_வராண்டா:
அதையே எடுத்துக்குவோம். 2023 ஜூன்ல கைது, 2024 செப்டம்பர்ல பெயில், நடுவுல 15 மாசம் உள்ள. அவர் மேல இருந்த சட்டவிரோத பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டம் (பிஎம்எல்ஏ) 45வது பிரிவுல பெயில் வாங்கறது இன்னும் கஷ்டம், இவரு குற்றம் பண்ணலைன்னு நம்ப காரணம் இருக்குன்னு கோர்ட்டுக்கே தோணணும். அப்படி இருந்தும் ட்ரயல் இப்போதைக்கு முடியாதுன்னுதான் குடுத்தாங்க, அந்த வேலை வாங்கித் தரேன் கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவங்களே 2000 பேருக்கு மேல. மினிஸ்டர் ஆனதும் சாட்சிங்க பயப்பட மாட்டாங்களான்னு கோர்ட் புடிச்சுச்சு, பதவியா பெயிலான்னு கேட்டுச்சு, 2025 ஏப்ரல்ல ராஜினாமா பண்ணாரு. பெயில் குடுத்ததோட முடிஞ்சிடாது, அதுக்குத்தான் சொல்றேன்.

அலமேலு_அக்கா:
தம்பி, நானும் இதே மாதிரி ஏமாந்தவதான். மாமா சொன்னதை நாங்களும் கேட்டோம், ஜட்ஜ் மூஞ்சைக்கூட நிமிர்த்தல. பெயில் கோர்ட் வசூல் பண்ற இடம் இல்லன்னு எங்க வக்கீல் அப்புறமா சொன்னாரு, 2023லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சாம். மொதல்லயே சொல்லியிருந்தா அந்த ஒரு வாய்தா மிச்சம். ஆனா எதிர்ப்பு சொல்லலாம், கண்டிப்பா சொல்லுங்க. நாங்க இன்டர்வீன் மனு (எங்களையும் கேளுங்கன்னு குறுக்கிடற மனு) போட்டோம். "பாவம் வயசானவங்க பணம்"னு எழுதினது எடுபடல, எடுபட்டது என்னன்னா சாட்சி சொல்ல வேண்டிய ஒருத்தருக்கு ஏ1 ஆளுங்க போன் பண்ணி மிரட்டினது, அதுக்கு நாங்க அப்பவே போலீஸ்ல மனு குடுத்து ரசீது வாங்கி வச்சிருந்தோம்.

அப்பா பயப்படறாரே சொத்து, அது ஜப்தி ஆயிருந்தா அவர் வெளிய வந்தாலும் விக்க முடியாது. டிஎன்பிஐடி (தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம்) கேஸ்னா அரசு ஆணை போட்டு ஜப்தி பண்ணுவாங்க, பெயில் கிடைச்சதுக்காக அது போயிடாது. லிஸ்ட்ல வராத சொத்துதான் ஆபத்து, மச்சான் பேர்ல மாமியார் பேர்லன்னு கிடக்கும். எங்க கூட்டத்துல ஒருத்தர் வில்லங்க சான்று போட்டுப் பாத்து ரெண்டு மனை கண்டுபிடிச்சு பொருளாதாரக் குற்றப்பிரிவுல எழுதிக் குடுத்தாரு.

கோர்ட்_வராண்டா:
அக்கா சொன்னது சரி. பாதிக்கப்பட்டவங்களுக்கு எல்லா கட்டத்துலயும் பேச உரிமை இருக்குன்னு 2022ல லக்கிம்பூர் கேஸ் (உ.பி.ல விவசாயிங்க மேல கார் ஏத்தின கேஸ்) பெயில் உத்தரவுல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. பிபிகிட்ட முன்கூட்டியே பேசிடுங்க, சாட்சி பாக்கி எத்தனை பேர், போன வாய்தாவெல்லாம் யார் கேட்டு வாங்கினதுன்னு டைரி எக்ஸ்ட்ராக்ட்டோட (ஒவ்வொரு வாய்தால என்ன நடந்துச்சுன்னு இருக்கற கோர்ட் பதிவு நகல்) குடுங்க. இழுத்தடிச்சது அவங்கதான்னா "ட்ரயல் லேட் ஆகுது"ங்கற வாதம் பாதி செத்துடும்.

டெபாசிட்காரன்:
நன்றி சார், நன்றி அக்கா. வாய்தா விஷயம் எங்களுக்குத் தோணவே இல்ல, கடைசி நாலு வாய்தால மூணு அவங்க வக்கீல் வராததாலதான். வில்லங்கம் நாளைக்கே போடறேன். அப்பாகிட்ட ஜப்தி ஆணையோட ஜெராக்ஸை காட்டினேன், படிச்சிட்டு "மச்சான் பேரு இதுல இல்லியே"ன்னாரு.