நாலு மாதக் குழந்தைக்குச் சளி, டாக்டர் மருந்தே எழுதவில்லை: காத்திருப்பதா, வேறு டாக்டரிடம் போவதா?

ஈரோட்டு மருமகள்:
பாப்பாவுக்கு நாலு மாதம், தாய்ப்பால் மட்டும்தான். மூன்று நாளாக மூக்கு ஒழுகல், நேற்றிலிருந்து இருமல், முதுகில் கை வைத்தால் கர்கர் என்று உள்ளங்கையில் அதிர்கிறது. குழந்தை டாக்டரிடம் போனோம். சட்டையைத் தூக்கிவிட்டு வாட்சையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார், உப்புத்தண்ணீர் மூக்குச் சொட்டு மட்டும் எழுதினார். "சிரப் வேண்டாம், ஆன்டிபயாட்டிக் வேண்டாம், மூச்சைக் கவனிங்க, கூடினா வாங்க" என்று அனுப்பிவிட்டார். உப்புத்தண்ணிக்கா முந்நூறு ரூபாய் என்று அத்தை அப்போதிலிருந்து புலம்புகிறார். பக்கத்துத் தெரு டாக்டர் போனதுமே நெபுலைசர் (மருந்தை ஆவி மாதிரி மூச்சில் இழுக்க வைக்கும் மெஷின்) வைப்பார், அங்கே போகலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்ய?

வெத்திலைப் பாட்டி:
உங்க அத்தை சொல்வதில் என்ன தப்பு? கற்பூரவல்லி இலையை விளக்கில் வாட்டிச் சாறு பிழிந்து, ரெண்டு சொட்டுத் தேன் குழைத்து நாக்கில் தடவும்மா. தேங்காயெண்ணெயில் பச்சைக் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய். தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்டாமல் விடாதே. மூன்று பிள்ளை, ஐந்து பேரப்பிள்ளை, எல்லாம் இப்படித்தான் வளர்ந்தது.

கணக்கு வாத்தியார்:
பாட்டி, கோபப்படாதீங்க. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும், நமக்கு ஒன்றும் ஆகாது, பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கி உடம்பையே துவள வைத்துவிடும். பச்சைக் கற்பூரம் குழந்தை வாய்க்குள் போனால் வலிப்புகூட வரலாம். சாம்பிராணி பற்றிச் சொல்லவே வேண்டாம், மூச்சு விடச் சிரமப்படுகிற குழந்தைக்குப் புகை போடுவது என்ன கணக்கு?

இரட்டைப்பிள்ளை அப்பா:
பாட்டி வைத்தியத்தை விடுங்கள், நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் "கவனிங்க" என்று சொல்லி அனுப்புவதும் வைத்தியமா? கிளினிக்கை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு டாக்டர் தூங்கப் போய்விடுவார், ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை மூச்சுத் திணறினால் நாம்தான் தெருவில் நிற்க வேண்டும். என் பையன்கள் இருவருக்கும் ஏழு மாதத்தில் இதே மாதிரி வந்தது. நெபுலைசர் வைத்தோம், ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம், ஒரு வாரத்தில் சரி. வீட்டிலேயே ஒரு மெஷின் வாங்கி வைத்துவிட்டேன். நீங்களும் வாங்குங்கள், சகோதரி.

வார்டு செவிலி:
பதினோரு வருடமாகக் குழந்தைகள் வார்டில் இருக்கிறேன். அண்ணா, ஒரு வாரத்தில் சாதாரண சளி பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் மட்டும் மருந்துக்கு.

மருமகள் சொல்வதைப் பார்த்தால் பிராங்கியோலைட்டிஸ் மாதிரி இருக்கிறது, நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் எங்கள் வார்டில் பாதிப் படுக்கை இதுதான். ஆர்எஸ்வி போன்ற வைரஸால் நுரையீரலின் கடைசிச் சின்னக் குழாய்கள் வீங்கிச் சளி அடைக்கும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்துகிற மருந்து, பெரிய பிள்ளைகளின் மூச்சு இழுப்புக்கு அருமையாகக் கேட்கும். இங்கே அடைப்பது வீக்கமும் சளியும், அதனால் இந்த வயதில் பெரும்பாலும் பலன் இருக்காது. இருமல் சிரப்பும் வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் சிரப் குடித்துச் சிறுநீரகம் பழுதாகிக் குழந்தைகள் இறந்தார்களே, அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே எழுதாதீர்கள் என்று அப்போது மத்திய அரசு மறுபடி அறிவுறுத்தியது.

உங்கள் டாக்டர் வயிற்றைப் பார்த்தார் இல்லையா, அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நீங்களும் எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போது, இல்லை அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஒரு தடவை எழும்பி இறங்கினால் ஒன்று, இப்படி முழு ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், பிள்ளைகள் கொஞ்சம் வேகமாக மூச்சு விட்டு அப்புறம் நிதானமாக விடும், கணக்குத் தப்பும். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது வரை 50ஐத் தொட்டால் வேகம். இரண்டு மாதத்துக்குள் 60. ஒரு வயதுக்கு மேல் 40.

எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் விலாவுக்குக் கீழே மூச்சுக்கு மூச்சு குழி விழுந்தால், முனகினால், பால் பாதிகூட இறங்காவிட்டால், மூத்திரத் துணி நனைவது குறைந்தால் கிளம்பிவிட வேண்டும். உதடு நீலமானாலோ மூச்சு விட்டு விட்டு வந்தாலோ யோசிக்காமல் 108. மூன்று, நாலு, ஐந்தாம் நாளில்தான் முற்றும், அதனால் இன்றைக்குச் சுமார் என்று நாளைக்கு அசட்டையாக இருக்காதீர்கள். உப்புத்தண்ணீரைக் கேலி செய்யாதீர்கள், இந்த வயதுப் பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கு அடைத்தால் எப்படிப் பால் குடிக்கும்? பால் கொடுக்கும் முன் விட்டு, துடைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். மூக்கில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் அதுவே நிமோனியா. மூன்றரை மாதத் தடுப்பூசி போட்டாயிற்றா?

வெத்திலைப் பாட்டி:
ராத்திரி உட்கார்ந்து எண்ணச் சொல்கிறாய், பெற்றவள் எப்போது தூங்குவது? சரி, தேன் வேண்டாம் என்கிறீர்கள், விடு. சாறு நல்லதுதான், அதில் மாற்றமில்லை.

இரட்டைப்பிள்ளை அப்பா:
50, 60 எல்லாம் சரி. என் கேள்விக்குப் பதில் வரவில்லை. நம்பர் தாண்டும் வரை சும்மா இருப்பதைவிட ஏதாவது கொடுப்பது மேல் இல்லையா?

கணக்கு வாத்தியார்:
எது கொடுத்தாலும் சும்மா போகாது என்பதுதான் சிக்கல். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கில் என் மகளுக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு. சளியைவிட அதற்குத்தான் ஓடினோம்.

ஈரோட்டு மருமகள்:
ஊசி எல்லாம் போட்டாயிற்று அக்கா. இப்போது மணி 1:40. செல்போன் டார்ச்சை வேட்டித்துணியால் மூடிக்கொண்டு எண்ணினேன். முதல் தடவை 43, அத்தை எண்ணினால் 47. குழி விழவில்லை. பால் குடித்தாள். ஆறு மணிக்கு மறுபடி பார்க்கிறேன்.

ஈரோட்டு மருமகள் (மூன்று நாள் கழித்து):
அன்று விடிகாலை 58. விலாவுக்குக் கீழே கயிறு போட்டு இழுத்த மாதிரி உள்ளே போனது, மார்பில் வாய் வைத்து வைத்து எடுத்துவிட்டாள். நேராக அரசு ஆஸ்பத்திரி. மூக்கில் சின்னக் குழாய் வைத்து இரண்டு நாள் ஆக்ஸிஜன், பாலை டியூப் வழியாகக் கொடுத்தார்கள். ஆன்டிபயாட்டிக் இல்லை. இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். 38. அத்தை தொட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருக்கிறார், யாராவது பேசினால் அதட்டல். இருமல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

வார்டு செவிலி:
இருமல் இரண்டு, மூன்று வாரம்கூட இழுக்கும், பயப்படாதீங்க. பால் குடித்து விளையாடினால் போதும்.

இரட்டைப்பிள்ளை அப்பா:
குழந்தை நல்லபடியாக வந்ததில் சந்தோஷம். அங்கே நெபுலைசர் வைத்தார்களா?

ஈரோட்டு மருமகள்:
முதல் நாள் ஒரு தடவை வைத்துப் பார்த்தார்கள் அண்ணா. முன்பும் பின்பும் எண்ணினார்கள், குறையவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

இரட்டைப்பிள்ளை அப்பா:
ஒரு குழந்தையை வைத்து முடிவு கட்ட முடியாது. மெஷினை நான் விற்கப் போவதில்லை.