ஜியோட் உள்ளே பித்தளை நிற ஊசிகள்: மில்லரைட்டா, பைரைட்டா? உதவி தேவை

லெக்சிங்டன் கல்தேடி:
வணக்கம். கென்டக்கியில் லிங்கன் கவுண்டி, ஹால்ஸ் கேப் பக்கம் ஒரு பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கி, அவர் நிலத்து ஓடையில் கிடந்த ஜியோட்களை (உள்ளே பொந்தும் அதில் படிகங்களும் உள்ள உருண்டைக் கற்கள்) எடுத்து வந்தேன். பெரும்பாலானவற்றில் வெறும் குவார்ட்ஸ்தான். ஒன்றில் மட்டும் டோலமைட் படிகங்களுக்கு நடுவே, பித்தளை நிறத்தில் முடி அளவே மெல்லிய ஊசிகள் விசிறியாக விரிந்து நிற்கின்றன. நீளமான ஊசி ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். மூச்சுக்காற்று பட்டாலே ஆடுகிறது.

ஒரு நண்பர் மில்லரைட் என்ற நிக்கல் கனிமம் என்கிறார். இரும்புக் கனிமமான பைரைட்டும் முடி மாதிரி வளரும் என்கிறார் இன்னொருவர். டைட்டானியம் கனிமமான ரூட்டைல் என்று சொன்னவரும் உண்டு. விசிறியைக் கெடுக்காமல் எப்படி உறுதி செய்வது? உள்ளே களிமண் தூசி இருக்கிறது, கழுவலாமா? உடைக்காத ஜியோட்கள் இன்னும் சில கையில் இருக்கின்றன.

பாறைப்பிரியன்:
தயவுசெய்து தண்ணீர் பக்கமே கொண்டு போகாதீர்கள். காயும்போது நீரின் பரப்பு இழுவிசை ஊசிகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும், அப்புறம் பிரிக்க முடியாது. பிரஷ், அல்ட்ராசோனிக் எதுவும் வேண்டாம். கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதியால் தள்ளி நின்று மெதுவாக ஊதுங்கள். போகாத தூசி இருந்துவிட்டுப் போகட்டும்.

இடம் ஹால்ஸ் கேப் என்றதுமே மில்லரைட் பக்கம்தான் சாய்கிறேன். யு.எஸ். 27 சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் வந்த ஜியோட்களால்தான் அந்த ஊரை உலகம் முழுக்க சேகரிப்பாளர்களுக்குத் தெரியும். ஆனால் இடத்தை மட்டும் வைத்துப் பெயர் எழுதக்கூடாது, பைரைட்டும் அங்கே உண்டு.

பொந்தின் அடியில் உதிர்ந்த துண்டுகள் கிடக்கும். அவற்றை எடுத்து 10 மடங்கு லூப்பில் (சிறு உருப்பெருக்கி) பாருங்கள். மில்லரைட் நேராக ஓடும், நீளவாக்கில் நுண்ணிய வரிகள் இருக்கும். குண்டூசி முனையால் லேசாக வளைத்து விட்டால் திரும்ப நிமிரும். பைரைட் முடி அரிது. சில நேரம் நடுவழியில் சட்டென்று செங்கோணமாகத் திரும்பும். ரூட்டைலுக்கு உலோகப் பித்தளைப் பளபளப்பு வராது, செம்பொன் சாயல்தான்.

கோட்டு நிறம், அதாவது உரைக்கும்போது விழும் பொடியின் நிறம், பார்க்கச் சொல்வார்கள். மெருகு பூசாத பீங்கானில் உரைத்தால் மில்லரைட்டும் பைரைட்டும் இரண்டுமே பச்சை கலந்த கறுப்புதான். ஆக அது ரூட்டைலையும், கோத்தைட் என்ற இரும்புக் கனிமத்தையும் விலக்கும், உங்கள் உண்மையான சந்தேகத்தைத் தீர்க்காது.

வேதியியல் டீச்சர்:
அதைத் தீர்ப்பது நிக்கல்தான். மில்லரைட் NiS, பைரைட் FeS₂. உதிர்ந்த ஒரு துண்டு போதும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலத்தில் லேசான சூட்டில் கரையுங்கள். ஒரு துளி சிட்ரிக் அமிலக் கரைசல், பிறகு அம்மோனியா, கடைசியில் ஆல்கஹாலில் கரைத்த டைமீத்தைல்கிளையாக்சைம். நிக்கல் இருந்தால் செம்பருத்திச் சிவப்பில் வீழ்படிவு வரும்.

சிட்ரிக் அமிலத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இரும்பு பழுப்புச் சேறாக இறங்கி, சிவப்பை மறைத்துவிடும். நைட்ரிக் அமிலத்திலிருந்து பழுப்புப் புகை வரும், அது நுரையீரலுக்குக் கேடு. திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யுங்கள். நிக்கல் ஒவ்வாமைக்கு விற்கும் நகைச் சோதனைக் குச்சியை நேரடியாக விசிறியில் தேய்க்க வேண்டாம், ஊசிகள் ஒடிந்துவிடும்.

லெக்சிங்டன் கல்தேடி:
நன்றி டீச்சர். நண்பரின் ஆய்வகத்தில் புகைப்போக்கிக்குக் கீழே செய்து பார்த்தோம். நல்ல சிவப்பு! பக்கத்துப் பொந்தில் சில ஊசிகளின் மேல் மஞ்சள் கலந்த பச்சை மாவு போலப் படிந்திருக்கிறது. அதை அமிலத்தில் எடுத்துவிடலாமா?

பாறைப்பிரியன்:
வாழ்த்துகள்! அந்தப் பச்சையைத் தொடாதீர்கள். மில்லரைட் சிதைந்து வரும் ஹொனெஸ்ஸைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நிக்கலும் இரும்பும் கொண்ட சல்பேட், அந்த ஊரின் அடையாளமே அதுதான். என்னைக் கேட்டால் பளபளப்பான ஊசியைவிட அந்தத் துண்டுதான் அரிது. அமிலம் பட்டால் அதுவும் போகும், டோலமைட்டும் அரிக்கும்.

மீதி ஜியோட்களைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், அதிர்விலேயே ஊசிகள் உதிரும். ரம்பமும் வேண்டாம், குளிரூட்டும் எண்ணெயும் தண்ணீரும் உள்ளே போய்விடும். வார்ப்பிரும்புக் குழாய் அறுக்கும் செயின் பைப் கட்டரைச் சுற்றி மெல்ல இறுக்கினால் இரண்டாகப் பிளக்கும். பிளம்பிங் கருவி வாடகைக் கடைகளில் கிடைக்கும்.

சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். சீட்டில் "மில்லரைட், டோலமைட் மேல், குவார்ட்ஸ் ஜியோட்" என்று எழுதி ஓடை, பண்ணை, கவுண்டி, எடுத்த தேதி, நிக்கல் சோதனை முடிவு எல்லாம் சேருங்கள். அடுத்த முறையும் பண்ணைக்காரரிடமே போங்கள். நெடுஞ்சாலை வெட்டின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி நோண்ட வேண்டாம், வளைவில் லாரிகள் வேகமாக வரும்.